ஆனேக்கல் பக்கம் ராகி அறுக்கப் போன கதை

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் தம்பிக்குச் சொந்த ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். அவருடைய அக்காவைக் கட்டிக் கொடுத்திருப்பது ஆனேக்கலுக்குத் தெற்கே, காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில். அக்டோபர் கடைசியில் அக்காவின் வீட்டுக்காரர் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. கம்பி வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது. இரண்டு ஏக்கர் ராகி முற்றி நிற்கிறது, கையில் இருந்த பணமெல்லாம் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டது.

இதை அவர் டீக்கடையில் புலம்பலாகத்தான் சொன்னார், உதவி என்று கேட்கவில்லை. ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்கிற கூட்டம்தான் தானாகக் கிளம்பியது. லேத் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆன மாமா, டெய்லர் அண்ணன், பேங்க் அக்கா, காலேஜ் பையன்கள் இருவர், ஆட்டோத் தம்பி, கணக்கெழுதிப் பிழைக்கிற நான் என்று மொத்தம் ஏழு பேர். ஏழு பேரில் அரிவாள் பிடித்த அனுபவம் ஆட்டோத் தம்பிக்கு மட்டும். அதுவும் பதினைந்து வயது வரை.

நவம்பர் 29, 2024, வெள்ளி

சந்தாபுரத்தில் காலை ஏழரைக்குத் தட்டு இட்லி. ஒன்று 30 ரூபாய், மேலே வெண்ணெய் வைத்தால் 40. கடைக்காரர் எங்கள் தொப்பிகளையும் புதுக் கையுறைகளையும் பார்த்துவிட்டு, "ட்ரெக்கிங்கா சார், முத்யாலமடுவா?" என்று கேட்டார். ராகி அறுக்கப் போகிறோம் என்றதும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பில்லில் காபியைச் சேர்க்காதே என்று பையனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அறுப்பதற்கு முன்பே கூலி வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு.

வானம் முழுக்கச் சாம்பல் நிறம். வங்கக் கடலில் இருக்கிற தாழ்வு மண்டலம் புயலாக மாறாது என்று முதல் நாள் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் கிளம்பினோம்.

வாசலில் அந்த வீட்டுப் பாட்டி உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிய வயது. எங்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், பார்வை காலில் வந்து நின்றது. "ஷூ ஹாக்கொண்டு ஹொலக்கா?" ஷூ போட்டுக்கொண்டா வயலுக்கு? கழற்றிவிட்டோம். அரை மணி நேரத்தில் பேங்க் அக்காவைத் தவிர எல்லோரும் திரும்ப வந்து மாட்டிக்கொண்டோம். ராகித் தாளின் அடிக்கட்டை பாதத்தில் குத்துகிற குத்து அப்படி.

அங்கே ராகியைத் தனியாக விதைப்பதில்லை. நாலைந்து வரிசைக்கு ஒரு வரிசை அவரை, கொஞ்சம் ஆமணக்கு, கடுகு. அக்கடி சாலு என்கிறார்கள். மெஷின் வைத்து ஒரே நாளில் அறுத்துத் தள்ளலாமே என்று மாமா கேட்டார். மணிக்கு 3,000 ரூபாய் என்றார் ஆட்டோத் தம்பியின் அக்கா. (இனி அக்கா என்றாலே இவர்தான். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனால் தெருவே அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டது.) பணத்தை விடுங்கள், நடுவில் பூவும் பிஞ்சுமாக நிற்கிற அவரையை மெஷின் என்ன செய்யும்? தாளும் நொறுங்கிப் போகும், அப்புறம் மாடு எதைத் தின்னும்? இரண்டு மாடு. காலையும் மாலையும் சங்கத்துக்கு ஊற்றுகிற பாலில்தான் இந்த ஒரு மாதமாக வீடு ஓடுகிறது.

இடக்கையில் ஒரு பிடி, வலக்கையில் கருக்கரிவாள், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரே இழுப்பு. பார்ப்பதற்கு எளிது. நாங்கள் முழங்கால் உயரத்தில் அறுத்துக்கொண்டு போனோம். குனிய முடிந்தால்தானே. பாட்டி ஒன்றும் பேசாமல் பின்னாலேயே வந்து, நாங்கள் விட்ட அடித்தாளை மறுபடியும் அறுத்துக்கொண்டே வந்தார். ஒரு வேலையை இரண்டு வேலையாக்கியிருக்கிறோம் என்று புரிந்தபோது பதினோரு மணி. என் இடது சுண்டுவிரலில் வெட்டு விழுந்ததும் அப்போதுதான். அக்கா இரண்டு பச்சிலையைக் கசக்கிப் பிழிந்து கட்டிவிட்டார். என்ன இலை என்று கேட்டேன். "பேரு தெரியாதுண்ணா, ரத்தம் நிக்கும்."

கூலிக்கு இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். ஆளுக்கு 450 ரூபாயும் மத்தியானச் சாப்பாடும். நாங்கள் ஏழு பேர் மூன்று சால் முடிப்பதற்குள் அவர்கள் இருவர் ஆறு முடித்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தார்கள். கேலியாகப் பார்க்கவில்லை. குழந்தை நடை பழகுவதைப் பார்க்கிற பார்வை. கேலியே மேல்.

மத்தியானம் களி உருண்டை, அவரைக்கொட்டை சாறு, உச்செள்ளுச் சட்னி. உச்செள்ளை நான் அதுவரை சாப்பிட்டதில்லை. கறுப்பாக, எண்ணெய் மினுமினுப்போடு, எள்ளுக்கும் வேர்க்கடலைக்கும் நடுவில் ஒரு ருசி. பையன்கள் களியை மென்றுவிட்டு, பல்லில் ஒட்டியதை எடுக்க முடியாமல் திண்டாடினார்கள். பாட்டி தொண்டையைத் தொட்டுக் காட்டினார். மெல்லக் கூடாது, சாறில் முக்கி வழுக்கவிட வேண்டும். ராகி தின்றவன் மலையைப் பிடுங்குவான் என்று கன்னடத்தில் ஒரு பழமொழி உண்டு. இரண்டு உருண்டை தின்ற மாமா திண்ணையைப் பிடுங்கிவிடுவது போல் ஒரு மணி நேரம் குறட்டை விட்டார்.

மூன்று மணிக்குப் பேங்க் அக்காவின் போனில் செய்தி. புயலாகிவிட்டது. ஃபெஞ்சல்.

அக்கா அரிவாளை வரப்பில் வைத்துவிட்டார். "நிக்கிறது நிக்கட்டும். கிடக்கிறதைப் பாக்கலாம்."

எனக்குப் புரியவில்லை. மழை வருகிறதென்றால் வேகமாக அறுக்கத்தானே வேண்டும்? அப்படியில்லை. நிற்கிற கதிர் நனைந்தாலும் காற்றடித்தால் காய்ந்துவிடும். அறுத்துப் போட்டது தரையில் கிடந்து இரண்டு நாள் ஊறினால் கதிரிலேயே முளைவிடும், நிறம் கறுக்கும், வியாபாரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு விலையைக் குறைப்பான். செவ்வாய்க்கிழமை கடன் வாங்கிக் கூலி கொடுத்து அறுத்த ஒரு ஏக்கர் அரி அரியாக வயலில் காய்ந்துகொண்டிருக்கிறது. அதோடு காலையிலிருந்து நாங்கள் ஆசை ஆசையாக அறுத்துத் தள்ளிய கால் ஏக்கரும் இப்போது கிடக்கிற கணக்கில் சேர்ந்துவிட்டது.

யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை. டெய்லர் அண்ணன் மட்டும் மெதுவாக, "அளவு எடுக்காம துணியை வெட்டிட்டோம்" என்றார்.

நவம்பர் 30, சனி

ஐந்தரைக்கு எழுப்பிவிட்டார்கள். குளிர் பற்களுக்குள் போனது. பல் விளக்கக்கூட விடாமல் பாட்டி சூடாகக் கருப்பட்டிக் காபி கொடுத்தார்.

இன்றைக்குக் கட்டுக் கட்டுவது. முறுக்கிய தாளிலேயே பிரி செய்து, இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு எடுத்து, முழங்காலால் அழுத்திக் கட்ட வேண்டும். எங்கள் கூட்டத்தில் இதில் தேறியவர் டெய்லர் அண்ணன் ஒருவர்தான். முடிச்சுப் போடுகிற விரல். நான் கட்டிய கட்டுகள் தூக்கும்போதே அவிழ்ந்தன. பத்து கட்டு அவிழ்ந்த பிறகு அக்கா, "அண்ணா, நீங்க சுமங்க" என்றார். சுமந்தேன். கழுத்துக்குள்ளும் சட்டைக்குள்ளும் சுணை. அரிப்பு இரண்டு நாள் போகவில்லை.

போர் போடுவதில் இவ்வளவு கணக்கு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. கீழே கல், அதன் மேல் தைலமரக் கழிகள், அதன் மேல் தென்னை ஓலை. கட்டுகளை வட்டமாக அடுக்கும்போது கதிர் உள்பக்கம், அடித்தாள் வெளிப்பக்கம். வெளியே கொஞ்சம் சரிவு. மழை விழுந்தால் தாள் வழியாக ஓடி வெளியே சொட்டிவிடும், கதிருக்குப் போகாது. மாமா போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு நடுவில் காற்றுப் போக ஒரு குழாய் வைக்கலாமே என்றார். பாட்டி போரின் உச்சியில் நின்றுகொண்டிருந்தார். ஆள் உயரத்துக்கு மேல், வெறுங்காலோடு. குழாய் யோசனையை அக்கா கன்னடத்தில் மாற்றிச் சொன்னதும் ஒரு கட்டைக் கேட்டுக் கையை நீட்டினார். பதில் அவ்வளவுதான்.

நாங்கள் நேற்று அறுத்த பச்சை இந்தப் போரில் சேரக் கூடாது. ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடித்து நல்லதையும் கெடுத்துவிடும். ஆகவே அது மாட்டுக் கொட்டகையிலும் திண்ணையிலும் சாய்த்து நிறுத்தப்பட்டது. எங்கள் படுக்கை இருந்த இடத்தில். அன்றிரவு நாங்கள் செய்த தப்பின் பக்கத்திலேயே படுத்தோம்.

நடுவில் மாமாவும் நானும் தார்ப்பாய் வாங்க ஆனேக்கல் போனோம். புதுசு 1,900 ரூபாய் சொன்னார் கடைக்காரர். யாருக்கு என்று விசாரித்தார். சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவங்க நாளைக்கு இதைத் திருப்பிக் குடுக்கணும்னு கவலைப்படுவாங்க" என்று பின்கட்டுக்குப் போய் இரண்டு பழைய ஃபிளெக்ஸ் பேனர்களை எடுத்து வந்தார். இரண்டும் சேர்த்து 400. ஓட்டை இல்லை, கனம் இருக்கிறது. ஒன்றில் யாரோ உள்ளூர்த் தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. போர்மேல் விரித்தபோது தலைவர் தலைகீழாக, கூப்பிய கையோடு, காட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா இந்த மூன்று நாளில் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

மாலை நாலரைக்குத் தூறல். கடைசிக் கட்டு ஐந்து மணிக்கு ஏறியது.

ராத்திரி யானை. பன்னேர்கட்டா காட்டிலிருந்தும் தளி, ஜவளகிரிப் பக்கமிருந்தும் ராகி முற்றுகிற பருவத்தில் கூட்டமாக இறங்கும். நாங்கள் பார்க்கவில்லை. பதினொன்றரை வாக்கில் தூரத்தில் வெடிச் சத்தமும் ஆட்கள் கூவுவதும் கேட்டது. நாய்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் பார்த்துக் குரைத்தன. உள்ளே கட்டிலில் கிடந்த வீட்டுக்காரர், அதுவரை எங்களோடு ரொம்பப் பேசாதவர், இருட்டில் சொன்னார்: "மேற்கால போகுது. நம்ம பக்கம் இல்ல." காலை அசைக்க முடியாமல் படுத்துக்கொண்டு, சத்தத்தை வைத்தே ஒவ்வொரு ராத்திரியும் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

டிசம்பர் 1, ஞாயிறு

நாள் பூராவும் சோனை மழை. பெரிய மழை இல்லை, ஆனால் விடவில்லை. நேற்றிரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த புயல் அங்கேயே நின்றுவிட்டதாம். அக்கா போர்ப் பக்கம் நாலு தடவை போய் அடிக் கட்டுகளுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். காய்ந்துதான் இருந்தது.

வேலை இல்லாத ஆட்களை என்ன செய்வது? ஊறவைத்த அவரைக்கொட்டை ஒரு பெரிய குண்டானில் வந்தது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பிதுக்கினோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தினால் பருப்பு துள்ளி எகிறும். பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் குறிபார்த்து விளையாடினார்கள். மத்தியானம் பிதுக்குப் பருப்புக் குழம்பு. இதைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும், இப்போது முடியாது.

சாப்பாட்டுக்கு அப்புறம்தான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. நல்ல விலைக்கு விற்க என்ன வழி என்று வீட்டுக்காரர் கேட்டார். இந்த வருஷம் ராகிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். இரண்டு வருஷம் முன்பு 3,578தான். ஆனால் வாசலுக்கு வந்த வியாபாரி கேட்டது 3,100. அரசுக் கொள்முதலுக்குப் போக வேண்டுமானால் ஃபுரூட்ஸ் என்கிற பதிவில் விவசாயி எண் வேண்டும். அந்த எண் பஹணி என்கிற நிலப் பதிவேட்டோடு சேர வேண்டும். பஹணியோ இன்னும் இறந்துபோன அப்பா பெயரில். ஆறு வருஷமாக மாற்றவில்லை. அண்ணன் தம்பிச் சண்டை எதுவும் கிடையாது, சும்மா விட்டுவிட்டார்கள். இறப்புச் சான்றிதழ் தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. பவுதி காதா, அதாவது இறந்தவர் பெயரிலிருந்து வாரிசு பெயருக்கு மாற்றுவதற்கான விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தேன். எனக்குக் கன்னடம் பேசத் தெரியும், எழுதினால் பிழை. பேங்க் அக்கா திருத்தினார். இரண்டு மணி நேரம் ஆனது. நான் அங்கே செய்த வேலைகளில் பாட்டி பின்னால் வந்து திரும்பச் செய்யாதது இது ஒன்றுதான்.

பயிர் போயிருந்தால் என்ன கிடைக்கும் என்றும் கணக்குப் பார்த்தோம். மானாவாரிக்குப் பேரிடர் நிவாரணம் ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், அதுவும் 33 சதவீதமாவது சேதமானால். இரண்டு ஏக்கர் என்பது 0.81 ஹெக்டேர். ஏழாயிரத்துக்குள் அடங்கிவிடும். செவ்வாய்க்கிழமை ஒரு ஏக்கர் அறுக்க மட்டும் அவர்கள் கொடுத்த கூலி 4,500. வீட்டுக்காரர் கணக்கைக் கேட்டுவிட்டு, அந்தக் காகிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அக்கா ஒரு நீள நோட்டை எடுத்து வந்து எங்கள் பெயர்களைக் கேட்டார். ஏதோ விருந்தினர் குறிப்பாக்கும் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் பெயருக்கு எதிரே எண். டெய்லர் அண்ணன் 2. மாமா 1. வீடியோ எடுத்துக்கொண்டே இருந்த பையனுக்கு அரை. எனக்கு ஒன்றரை.

"இது என்னம்மா?"

"முய்யாளுண்ணா. எங்க வேலைக்கு நீங்க வந்தீங்க. உங்க வேலைக்கு நாங்க வரணும்."

முய்யி என்றால் நம் மொய்தான். கல்யாணத்தில் பணமாக வைக்கிறோம், இவர்கள் ஆளாக வைக்கிறார்கள். முன்பக்கங்களைப் புரட்டினேன். ஊரில் யார் வீட்டுக்கு யார் எத்தனை நாள், தீர்ந்தது எது, பாக்கி எது என்று வருஷக் கணக்கில் இருந்தது. இந்தக் கார்த்திகையில் இவர்களுக்கு வர வேண்டிய ஆட்களும் உண்டு, ஆனால் எல்லார் வயலிலும் ஒரே சமயம் அறுப்பு.

பேங்க் அக்கா பதறிவிட்டார். "ஐயோ, நாங்க திரும்பி எதுவும் எதிர்பார்த்து வரலம்மா!" நல்ல மனதோடுதான் சொன்னார். அக்கா பேனாவை நிறுத்தினார். முகம் சட்டென்று மாறியது. பாட்டி, சொன்னது புரிந்ததோ இல்லையோ, எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.

டெய்லர் அண்ணன்தான் காப்பாற்றினார். "எனக்கு ரெண்டு இல்லம்மா, ஒண்ணே முக்கால். வெள்ளிக்கிழமை மத்தியானம் தூங்கிட்டேன்." அக்கா அடித்துத் திருத்தி எழுதினார்.

டிசம்பர் 2, திங்கள்

ஊர் திரும்பினோம். மழை நிற்கவில்லை. அக்காவின் சொந்தக்காரர்கள் ஊத்தங்கரையில் இருக்கிறார்கள், காலையிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருந்தார். அங்கே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். வண்டிகள் வெள்ளத்தில் போகிற வீடியோ எல்லோர் போனுக்கும் வந்தது. பத்து மணிக்குத்தான் அவர்கள் மாடி வீட்டில் பத்திரமாக இருக்கிற சேதி கிடைத்தது. அதுவரை யாரும் பையைத் தூக்கவில்லை.

ஆளுக்கு இரண்டு கிலோ அவரைக்காய் கட்டிக் கொடுத்தார்கள். இது நோட்டில் ஏறுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

இந்தத் தடவை மூன்று பேர்தான். ஆட்டோத் தம்பி, டெய்லர் அண்ணன், நான். பையன்களுக்குப் பரீட்சை. மாமாவுக்கு இடுப்பு. பேங்க் அக்கா வரவில்லை, காரணம் நான் கேட்கவும் இல்லை.

நின்ற முக்கால் ஏக்கரில் பெரும்பகுதி தப்பித்திருந்தது. மேற்கு மூலையில் கொஞ்சம் சாய்ந்து, அடிக்கதிர் கறுத்துப் போயிருந்தது. அதை வாரத்தின் நடுவிலேயே கூலி வைத்து அறுத்துவிட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது சுமக்கிற வேலை. திண்ணைப் பச்சையும் காய்ந்து சின்னப் போராக ஏறியிருந்தது, அதுவும் தேறிவிட்டது. கதிரடிப்பது சங்கராந்திக்கு அப்புறம். வழியில் ஒரு ஊரில் தார் ரோட்டில் கதிரைப் பரப்பி வண்டிகளை ஏறவிட்டிருந்தார்கள். பைக்கில் போகிறவர்கள் வழுக்கி விழுவது இதனால்தான். வீட்டுக்காரர் அதை ஒப்புக்கொள்ள மாட்டாராம். களம் மெழுகி டிராக்டர் விடப் போகிறார்கள். அவர் இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை வருகிறார். விண்ணப்பத்துக்கு ரசீது கிடைத்துவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் நோட்டு வந்தது. "உங்க வேலை எப்போண்ணா?"

டெய்லர் அண்ணன் தயாராக வந்திருந்தார். பொங்கல் தையல் குவிந்து கிடக்கிறது என்று பையிலிருந்து நாற்பது ஜாக்கெட்டுகளை எடுத்து வைத்தார். கொக்கி கட்டி ஹெம்மிங் அடிக்க வேண்டும். பாட்டி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதல் ஜாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து, அவருடைய தையலைச் சோதித்தார்.

என் வேலை லேப்டாப் முன்னால். அதற்கு யார் வந்து என்ன செய்வது? ஒன்றுமில்லை என்று சொல்லவும் பயம், பேங்க் அக்கா சொன்னபோது நடந்தது நினைவிருக்கிறது. "ஜனவரி கடைசியில வீடு மாத்துறோம், அப்ப பார்க்கலாம்" என்று ஏதோ சொல்லி வைத்தேன். அவர் தேதியை எழுதிக்கொண்டார்.

நேற்று போன் வந்தது. "அண்ணா, பீரோ எத்தனை? மாடியா, தரையா? நாலு பேர் போதுமா, அஞ்சாவது ஆளும் கூட்டிட்டு வரட்டா?" லாரிக்காரனுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் போதும் என்றேன்.

மனைவி பக்கத்திலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "நாலு பேருக்கு மத்தியானச் சாப்பாடு. களி இல்லாம அவங்களுக்கு ஆகாதுன்னு சொன்னீங்களே, பக்கத்துல உக்காந்து பார்த்தீங்கதானே, எப்படிக் கிண்டுறாங்க?"

தின்னத்தான் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன்.